பெரைராவும் பெரேராவும்: ஒரு பேரிக்காய் மரத்தின் உலகப் பயணம்

2014 ஏப்ரல் 6. டாக்காவில் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இந்தியாவுக்கு எதிராக ஒரு சிக்ஸர் அடித்து இலங்கைக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் திசர பெரேரா. இலங்கை அணியின் ஸ்கோர் கார்டைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு பெரேரா என்ற பெயர் புதிதல்ல. குசல் பெரேரா, தில்ருவன் பெரேரா என்று ஒருவர் போனால் இன்னொருவர் வந்துகொண்டே இருப்பார்கள். இவர்கள் எல்லாம் ஒரே குடும்பமா என்று கேட்பவர்களும் உண்டு!

ஒரே குடும்பம் இல்லை. அது மட்டுமல்ல, அந்தப் பெயர் இலங்கையில் பிறந்ததே இல்லை. இலங்கையிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, போர்ச்சுகல் நாட்டின் வடக்கு மூலையில், இலங்கையின் கடற்கரையில் வளராத ஒரு மரத்தின் பெயராகப் பிறந்தது அது. அங்கிருந்து கிளம்பி ஒரு தளபதி, ஒரு புனிதர், பாரிஸ் வங்கி முதலாளிகள், பிரேசிலின் அடிமைகள், தூத்துக்குடியின் முத்துக் குளிப்பவர்கள், ஆப்பிரிக்க நாடு ஒன்றின் முதல் ஜனாதிபதி என்று எல்லோருடைய பெயருக்குப் பின்னாலும் போய் ஒட்டிக்கொண்டது. எப்படி?

மரம், ஊர், பெயர்

லத்தீன் மொழியில் பேரிக்காய்க்கு 'பிரும்' என்று பெயர். அது போர்த்துகீசிய மொழியில் 'பேர' ஆனது. அந்தப் பழத்தைத் தரும் மரம் 'பெரைரா'. அவ்வளவுதான் இந்தப் பெயரின் அர்த்தம்: பேரிக்காய் மரம்.

போர்த்துகீசியக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு வகையில் அடங்கிவிடும். ஒன்று, அப்பாவின் பெயரிலிருந்து வருவது. ரோட்ரிகோவின் மகன் ரோட்ரிகஸ், ஃபெர்னாண்டோவின் மகன் ஃபெர்னாண்டஸ். இன்னொன்று, ஊரின் பெயரிலிருந்து வருவது. பெரைரா இந்த இரண்டாவது வகை. பேரிக்காய் மரங்கள் நிறைந்த இடத்துக்கு பெரைரா என்று பெயர் வந்தது. அங்கே வாழ்ந்தவர்களுக்கும், அந்த நிலத்தை ஆண்டவர்களுக்கும் ஊர்ப் பெயரே அடையாளம் ஆனது.

நம்மூரில் புளியங்குடி, ஆலங்குடி, வேப்பங்குளம் என்று மரங்களின் பெயரில் ஊர்கள் இருப்பதைப் போலத்தான் இது. ஆலங்குடி என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. எல்லா ஆலங்குடிக்காரர்களும் சொந்தக்காரர்கள் ஆகிவிட மாட்டார்கள். அதே மாதிரி போர்ச்சுகலிலும், அதை ஒட்டிய ஸ்பெயினின் கலீசியா பகுதியிலும் பெரைரா என்ற பெயரில் பல ஊர்கள் உண்டு. ஆக, ஆரம்பத்திலேயே இந்தப் பெயருக்கு ஒரே ஒரு மூதாதை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் குழப்பங்களுக்கெல்லாம் இதுவே பதில்.

ஒலிவ மரத்தின் பெயர் ஒலிவைரா, அத்தி மரத்தின் பெயர் ஃபிகைரா, கருவாலி மரத்தின் பெயர் கர்வாலோ. இவையும் இப்படி வந்த குடும்பப் பெயர்கள்தான்.

வாளால் வந்த புகழ்

சாதாரண ஊர்ப் பெயராக இருந்த பெரைராவுக்குப் பெரிய மரியாதையைத் தேடித் தந்தவர் நூனோ ஆல்வாரெஸ் பெரைரா. பிறந்தது 1360இல். அவருடைய அப்பா ஆல்வாரோ கொன்சால்வெஸ் பெரைரா, கிறிஸ்தவத் துறவு வீரர்களின் சபை ஒன்றுக்குத் தலைவர். தாத்தா கொன்சாலோ பெரைரா, பிராகா நகரத்தின் பேராயர். இருவருமே திருமணம் செய்துகொள்ளக் கூடாதவர்கள். ஆனாலும் வம்சம் வளர்ந்தது! நூனோவை முறையான மகனாக அங்கீகரிக்க 1361இல் அரசாணையே தேவைப்பட்டது.

1383இல் போர்ச்சுகல் மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்துபோக, அவருடைய மகளை மணந்திருந்த காஸ்டீல் (இன்றைய ஸ்பெயினின் பெரும்பகுதி) மன்னர் போர்ச்சுகலுக்கு உரிமை கொண்டாடினார். அதை எதிர்த்தவர்கள் இறந்த மன்னருக்கு வேறு தாய் வழியில் தம்பியான ஜோவானை மன்னராக்கினார்கள். அவருடைய தளபதி நூனோ. 1385 ஆகஸ்ட் 14 அன்று அல்ஜுபரோட்டா என்ற இடத்தில், எண்ணிக்கையில் தங்களைவிட மிகப் பெரிய காஸ்டீல் படையை போர்த்துகீசியர்கள் தோற்கடித்தார்கள். போர்ச்சுகல் தனி நாடாக நிலைத்தது இந்தப் போரால்தான் என்று அந்த நாட்டுப் பாடப் புத்தகங்கள் சொல்லும்.

போர்கள் முடிந்தபோது நூனோ நாட்டின் மிகப் பெரிய நிலச்சுவான்தார்களில் ஒருவர். ஆனால் மனைவி, மகள் இருவரையும் பறிகொடுத்த பிறகு, 1423இல் சொத்துகளைப் பகிர்ந்து கொடுத்துவிட்டு லிஸ்பனில் தானே கட்டிய மடத்தில் சாதாரணத் துறவியாகச் சேர்ந்துவிட்டார். 1431இல் அங்கேயே இறந்தார். 2009இல் போப் பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் கட்டிய கார்மோ மடத்தின் தேவாலயம் 1755 பூகம்பத்தில் கூரை இழந்து இன்றும் அப்படியே நிற்கிறது.

அவருடைய ஒரே மகள் பியாட்ரிஸ், மன்னர் ஜோவானின் மகன் அஃபோன்சோவை மணந்தார். அந்த அஃபோன்சோதான் பின்னாளில் முதலாம் பிரகான்சா பிரபு. 1640 முதல் 1910இல் மன்னராட்சி ஒழியும் வரை போர்ச்சுகலை ஆண்டது இந்த பிரகான்சா வம்சம். ஆக, போர்ச்சுகலின் கடைசி மன்னர் வரை எல்லோருடைய ரத்தத்திலும் ஒரு பெரைரா உண்டு. வேடிக்கை என்னவென்றால், அவர்களை உலகம் பிரகான்சா என்றே அறிகிறது. ரத்தம் அங்கே போனது, பெயர் போகவில்லை. மற்ற இடங்களில் இதற்கு நேர்மாறாக நடந்தது: பெயர் போனது, ரத்தம் போகவில்லை!

மரப் பெயர் என்றால் யூதரா?

பெரைரா பற்றி யாரிடம் கேட்டாலும் கட்டாயம் வரும் ஒரு கருத்து உண்டு. "மரங்களின் பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாம் யூத வம்சாவளியினர்." இத்தாலிய எழுத்தாளர் அந்தோனியோ தபுக்கி 1994இல் எழுதிய புகழ்பெற்ற நாவலின் கதாநாயகன் பெயர் பெரைரா. பழமரப் பெயர்கள் யூதப் பெயர்கள் என்றும், போர்ச்சுகலில் துன்பப்பட்ட யூதர்களுக்கு மரியாதை செய்யவே இப்பெயரைத் தேர்ந்தெடுத்ததாகவும் தபுக்கியே விளக்கம் எழுதினார். அவ்வளவு பெரிய எழுத்தாளர் சொன்னதால் இந்தக் கருத்து இன்னும் பரவியது.

உண்மை என்ன? 1492இல் ஸ்பெயின் தன் நாட்டு யூதர்களை வெளியேற்றியது. அவர்களில் பெரும் பகுதியினர் பக்கத்திலேயே இருந்த போர்ச்சுகலுக்குள் வந்தார்கள். 1496 டிசம்பரில் போர்ச்சுகல் மன்னர் மனுவேலும் அதே உத்தரவைப் போட்டார். ஆனால் வியாபாரமும் தொழிலும் தெரிந்த இத்தனை பேரை இழக்க அவருக்கு மனமில்லை. எனவே 1497இல் வெளியேற விடாமல் தடுத்து, கட்டாயமாக ஞானஸ்நானம் கொடுக்க வைத்தார். ஒரே நாளில் யூதர்கள் 'புதிய கிறிஸ்தவர்கள்' ஆனார்கள்.

புதிய கிறிஸ்தவருக்குப் புதிய பெயர் வேண்டும். ஞானத்தகப்பனின் பெயர், ஊரில் மரியாதை உள்ள குடும்பத்தின் பெயர், எல்லோரும் வைத்திருக்கும் பொதுவான பெயர் என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் கலந்து மறைவதுதான் நோக்கம். யாருக்கும் இல்லாத ஒரு தனிப் பெயரை வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்ள மாட்டார்களா? ஆகவே பெரைரா என்ற பெயரை அவர்கள் எடுத்ததற்குக் காரணமே, அது யூதப் பெயர் அல்ல என்பதுதான். அந்தப் பெயர் அதற்கு முன்பே பேராயருக்கும் தளபதிக்கும் இருந்ததை மேலே பார்த்தோம்.

பெயர் மாறினாலும் சந்தேகம் மாறவில்லை. 1506இல் லிஸ்பனில் புதிய கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 1536இல் மத விசாரணை மன்றம் போர்ச்சுகலில் நிறுவப்பட்டது. ரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றுவதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் சிறையிலும் தீயிலும் அழிந்தார்கள். தப்ப முடிந்தவர்கள் ஆம்ஸ்டர்டாம், போர்தோ, லண்டன் என்று ஓடினார்கள். அங்கே வெளிப்படையாக மறுபடியும் யூதர்கள் ஆன பிறகும், கட்டாயத்தில் வந்த பெரைராவைப் பலர் விடவில்லை. 17ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாமின் பணக்கார யூத வணிகர்களில் ஒருவர் ஆபிரகாம் பெரைரா. முன்பெயர் யூதப் பெயர், பின்பெயர் போர்த்துகீசியப் பெயர்.

இந்தக் கேள்வி வெறும் பழங்கதை அல்ல. வெளியேற்றப்பட்ட யூதர்களின் வாரிசுகளுக்குக் குடியுரிமை தருவதாகப் போர்ச்சுகலும் ஸ்பெயினும் முடிவு செய்து, 2015இல் அதற்கான சட்டங்களை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. உடனே இணையத்தில் 'இந்தப் பெயர்கள் இருந்தால் பாஸ்போர்ட் நிச்சயம்' என்று நீளமான பட்டியல்கள் சுற்றின. அப்படி அரசாங்கப் பட்டியல் எதுவும் கிடையாது. குடும்பப் பெயர் ஒரு துணைச் சான்றாக இருக்கலாம். அது மட்டும் போதாது. தலைமுறை தலைமுறையாக ஆவணம் காட்ட வேண்டும். ஸ்பெயின் 2019இல் விண்ணப்பங்களை நிறுத்தியது. போர்ச்சுகல் 2022இல் விதிகளைக் கடுமையாக்கியது. மரத்தின் பெயரைக் காட்டி யாரும் எல்லையைத் தாண்டிவிட முடியாது.

பாரிஸின் பெரைரா சகோதரர்கள்

ஓடிப்போன பெரைராக்களில் ஒரு குடும்பத்தின் கதையை வணிகவியல் படிப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜேக்கப் ரோட்ரிகஸ் பெரைரா 1715இல் ஸ்பெயினில் ரகசிய யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிரான்சின் போர்தோ நகரத்தில் குடியேறி, காது கேளாத, வாய் பேசாத குழந்தைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் முறையை வளர்த்து ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றார்.

அவருடைய பேரன்கள் எமில் (1800–1875), ஐசக் (1806–1880). பெயரை பிரெஞ்சு உச்சரிப்பில் 'பெரேர்' என்று எழுதினார்கள். பாரிஸிலிருந்து கிளம்பிய முதல் பயணிகள் ரயில் பாதை 1837இல் திறக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தவர்கள் இவர்கள்தான். 1852இல் 'கிரெடி மொபிலியே' என்ற வங்கியைத் தொடங்கினார்கள். அதுவரை ரயில் பாதை மாதிரியான பெரிய திட்டங்களுக்குப் பணம் வேண்டுமென்றால் ராத்ஸ்சைல்டு போன்ற ஒரு சில பெரிய குடும்பங்களின் வாசலில்தான் நிற்க வேண்டும். பெரேர் சகோதரர்களோ பங்குகளையும் கடன் பத்திரங்களையும் பொதுமக்களிடம் விற்று, சிறுசிறு சேமிப்புகளைத் திரட்டி, அதை ரயில், கப்பல், கட்டுமானம் என்று முதலீடு செய்தார்கள். இன்றைய முதலீட்டு வங்கிகளின் முன்னோடி இது.

1858இல் ஸ்பெயினின் வடக்கு ரயில்வே கம்பெனியை நிறுவியவர்களும் இவர்களே. தாத்தாவின் குடும்பம் எந்த நாட்டில் மறைந்து வாழ வேண்டியிருந்ததோ, அதே நாட்டுக்குப் பேரன்கள் ரயில் பாதை போட்டார்கள்! ஆனால் வங்கி கடைசிவரை நிற்கவில்லை. ரியல் எஸ்டேட்டில் அளவுக்கு மீறிப் பணத்தை முடக்கியதால் 1867இல் கவிழ்ந்தது. பாரிஸில் ஒரு சாலையும் ஒரு ரயில் நிலையமும் இன்றும் அவர்கள் பெயரைச் சொல்கின்றன.

முத்துக்குளித்துறையில்

இனி கிழக்கே வருவோம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த சில வருடங்களிலேயே பெரைராக்களும் வந்துவிட்டார்கள். 1504இல் சாமூத்திரி மன்னரின் பெரும்படையை எதிர்த்துக் கொச்சியைக் காத்த போர்த்துகீசியத் தளபதியின் பெயர் துவார்த்தே பசேகோ பெரைரா. புனித சவேரியாரின் நண்பரும், அவரைச் சீனாவுக்கு அழைத்துப்போக முயன்ற வணிகருமான ஒருவரின் பெயர் தியோகோ பெரைரா.

ஆனால் இந்தியாவில் இந்தப் பெயர் பரவியது இவர்களுடைய பிள்ளைகளால் அல்ல. ஞானஸ்நானத்தால். 1530களில் பாண்டிய நாட்டுக் கடற்கரையில் முத்துக்குளிக்கும் உரிமைக்காகப் பரதவர்களுக்கும் அரபு வழி வணிகர்களுக்கும் கடும் சண்டை நடந்தது. பரதவர்களின் தலைவர்கள் கொச்சிக்குப் போய் போர்த்துகீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். பாதுகாப்பு கிடைத்தது, விலை மதமாற்றம். வேம்பாறு, தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று கடற்கரை முழுவதும் ஆயிரக்கணக்கானோர் சில வருடங்களில் ஞானஸ்நானம் பெற்றார்கள். சவேரியார் 1542இல் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள்.

ஞானஸ்நானத்தின்போது ஞானத்தகப்பனாக நின்ற போர்த்துகீசியரின் பெயரோ, பாதிரியார் கொடுத்த பெயரோ ஒட்டிக்கொண்டது. பர்னாந்து, பெரைரா, மச்சாது, மிராந்தா, வாஸ் போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. கவனித்தால் இன்னொரு விஷயம் புரியும். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கமே கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான் இனிஷியல். அப்பாவோடு அந்த இனிஷியலும் மாறிவிடும். ஆனால் இந்தக் கடற்கரை ஊர்களில் மட்டும் ஐந்து நூற்றாண்டாக மாறாத குடும்பப் பெயர்கள் இருக்கின்றன. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்து போர்த்துகீசியரை விரட்டிய பிறகும் பரதவர்கள் கத்தோலிக்கத்தையும் விடவில்லை, பெயரையும் விடவில்லை. கோவாவிலும் மங்களூரிலும் மும்பையின் பழைய கிறிஸ்தவக் கிராமங்களிலும் பெரைராக்கள் நிறைந்திருப்பதற்கும் காரணம் இதே ஞானஸ்நானம்தான்.

இலங்கையில் பெயர், தோம்பு, கொடி

இலங்கையில் இந்தப் பெயர் 'பெரேரா' ஆனது. தெற்குப் போர்ச்சுகலின் பேச்சிலும் ஆசியாவில் பேசப்பட்ட கலப்பு போர்த்துகீசிய மொழிகளிலும் 'ஐ' ஒலி தேய்ந்து 'ஏ' ஆகிவிடும். காதில் விழுந்ததை அப்படியே எழுதியதால் பெரைரா பெரேரா ஆகிவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோட்டே மன்னர் தர்மபாலா 1557இல் கிறிஸ்தவரானார். அவரை போர்த்துகீசிய ஆவணங்கள் 'டொம் ஜோவான் பெரேய பண்டார்' என்று எழுதுகின்றன. பார்த்தவுடன் பெரேராதான் என்று தோன்றும். உண்மையில் அது 'பெரிய பண்டார' என்ற பட்டம்! ஒலியை வைத்து வரலாறு எழுதினால் இப்படித்தான் வழுக்கி விழ வேண்டியிருக்கும்.

போர்த்துகீசியர் காலத்தில் கடலோரச் சிங்களவர்களும் தமிழர்களும் ஞானஸ்நானத்தோடு இந்தப் பெயர்களைப் பெற்றார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் கத்தோலிக்கத்துக்கு எதிரிகள். அவர்கள் மக்களையும் நிலங்களையும் 'தோம்பு' என்ற பதிவேடுகளில் விரிவாக எழுதி வைத்தார்கள். (தோம்பு என்பதே போர்த்துகீசியச் சொல்.) திருமணம் பதிவாக வேண்டுமா, சொத்து பிள்ளைகளுக்குப் போக வேண்டுமா, அரசாங்க வேலை வேண்டுமா? ஞானஸ்நானம் பெற்றுப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். வீட்டில் புத்தரையும் முருகனையும் கும்பிட்டுக்கொண்டே பதிவேட்டில் மட்டும் கிறிஸ்தவராக இருந்தவர்கள் ஏராளம். இவர்களுக்கு 'அரசாங்கக் கிறிஸ்தவர்கள்' என்றே பின்னாளில் பெயர் வந்தது.

1796இல் பிரிட்டிஷார் டச்சுக்காரர்களைத் துரத்தினார்கள். பிறகு அந்தக் கட்டாயம் போனது. பெரும்பாலானோர் வெளிப்படையாக பௌத்தத்துக்கும் சைவத்துக்கும் திரும்பினார்கள். ஆனால் பெயரை மாற்றினால் தோம்பில் இருக்கும் நிலம் யாருடையது என்று எப்படி நிரூபிப்பது? பெயர் ஒரு சொத்துப் பத்திரம் மாதிரி ஆகிவிட்டது. மதம் போனது, பெயர் நின்றது. இன்று பெரேரா என்ற பெயருள்ள பௌத்தர்கள் லட்சக்கணக்கில் இருப்பதன் ரகசியம் இதுதான்.

அதோடு, பெரேராவால் பழைய பெயர் அழிந்துவிடவும் இல்லை. திசர பெரேராவின் முழுப் பெயர்: நாரங்கொட லியனாரச்சிலாகே திசர சிரந்த பெரேரா. இதில் 'கே' என்று முடியும் முன்பகுதி சிங்கள வீட்டுப் பெயர். 'லியனாரச்சி' என்பது எழுத்து வேலை பார்த்த பழைய ஊர் அதிகாரியின் பதவி. அதாவது ஒரே பெயருக்குள் முன்னால் சிங்கள மன்னர்களின் நிர்வாகம், பின்னால் போர்த்துகீசியப் பாதிரியாரின் ஞானஸ்நானம்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பௌத்த மறுமலர்ச்சி இயக்கம் எழுந்தபோது, இந்த 'அந்நிய'ப் பெயர்களைத் தூக்கி எறியச் சொல்லி குரல்கள் எழுந்தன. டொன் டேவிட் என்ற பெயரில் பிறந்த ஒருவர் அநகாரிக தர்மபாலா ஆனது அந்தக் காலத்தில்தான். பலர் பெயரை மாற்றினார்கள். பெயரில் தேசபக்தி இருக்கிறதா என்ற கேள்விக்கு இன்னொரு பெரேராவின் வாழ்க்கை பதில் சொன்னது.

அவர் ஈ. டபிள்யூ. பெரேரா (1875–1953), வழக்கறிஞர். 1915இல் இலங்கையில் கலவரம் வெடித்து, பிரிட்டிஷ் அரசு ராணுவச் சட்டத்தைப் போட்டுப் பலரைச் சுட்டுக் கொன்றது. அந்த அநியாயத்துக்கான ரகசிய ஆவணத்தைத் தன் காலணியின் அடித்தோலுக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரத்தில் லண்டனுக்குக் கப்பலேறினார் இவர். 1815இல் கண்டி ராஜ்யம் வீழ்ந்தபோது பிரிட்டிஷார் எடுத்துப் போன சிங்கக் கொடி லண்டனின் செல்சி ராணுவ மருத்துவமனையில் இருப்பதை உலகறியச் செய்தவரும் அவர்தான். 1948 பிப்ரவரி 4 அன்று சுதந்திர இலங்கையில் ஏறியது அந்தச் சிங்கக் கொடியே. தமிழர்களையும் முஸ்லிம்களையும் குறிக்கும் இரண்டு பட்டைகள் 1951இல் சேர்க்கப்பட்டன. கண்டி மன்னரின் கொடியைத் தேடிக் கொடுத்தவரின் பெயர் போர்த்துகீசியப் பெயர்!

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம்

எண்ணிக்கையில் பார்த்தால் பெரைராக்களின் பெரிய வீடு போர்ச்சுகலும் இல்லை, இலங்கையும் இல்லை, பிரேசில்தான். அங்கே மிக அதிகமாக வழங்கும் பத்துக் குடும்பப் பெயர்களில் பெரைராவும் ஒன்று. போர்ச்சுகலிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுபோனது ஒரு பகுதிதான். மறுபகுதியின் கதை கசப்பானது.

ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 48 லட்சம் பேர் அடிமைகளாகப் பிரேசிலில் இறக்கப்பட்டார்கள் என்று வரலாற்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். கணக்குப் புத்தகங்களில் அவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'ஜோவான் அங்கோலா' என்பது போல, கொடுத்த பெயரும் கப்பலேற்றிய இடத்தின் பெயரும் மட்டும்தான். சரக்குக்கு முத்திரை குத்துவது போல. விடுதலை பெற்றபோதோ, 1888 மே 13இல் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்ட பிறகோ, முழுப் பெயர் ஒன்று தேவைப்பட்டது. பலர் முன்னாள் எஜமானின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் 'புனிதர்களின்', 'இயேசுவின்' என்று பொருள்படும் பெயர்களை வைத்துக்கொண்டார்கள். எஜமான் பெரைரா என்றால் அடிமையும் பெரைரா. ஒரே பெயர், சாட்டையின் இரண்டு பக்கமும்.

ஸ்பானிஷ் பேசும் நாடுகளுக்கு இது கலீசியா வழியாகவும் பிரேசில் எல்லை வழியாகவும் போனது. அர்ஜென்டினாவில் 'பெரெய்ரா' என்று எழுத்து மாறியது. உருகுவேயில் 1856 முதல் 1860 வரை ஜனாதிபதியாக இருந்தவர் கப்ரியேல் அந்தோனியோ பெரைரா. கொலம்பியாவில் 1863இல் உருவான ஒரு நகரத்துக்கு, அந்த நிலத்தோடு தொடர்புடைய பிரான்சிஸ்கோ பெரைரா என்ற வழக்கறிஞரின் நினைவாக பெரைரா என்றே பெயர். ஊர்ப் பெயர் மனிதப் பெயராகி, கடல் தாண்டி, மறுபடியும் ஊர்ப் பெயர் ஆகிவிட்டது.

ஆப்பிரிக்காவின் கேப் வெர்டே தீவுகள் 1975இல் போர்ச்சுகலிடமிருந்து விடுதலை பெற்றன. பல வருடம் அந்த விடுதலை இயக்கத்தின் தலைவர்களில் ஒருவராக இருந்து, நாட்டின் முதல் ஜனாதிபதி ஆனவர் அரிஸ்டிடஸ் பெரைரா (1923–2011). போர்ச்சுகல் தனி நாடாக நிற்க வாள் எடுத்தவர் ஒரு பெரைரா. அதே போர்ச்சுகலிடமிருந்து தன் நாட்டைப் பிரிக்கப் போராடியவரும் ஒரு பெரைரா.

பெயர் சொல்வதும் சொல்லாததும்

இப்போது கேள்விக்கு வருவோம். ஒருவருடைய பெயர் பெரைரா என்றால் அவர் யார்? பிரபு வம்சமா, மறைந்து வாழ்ந்த யூதரா, எஜமானா, அடிமையா, முத்துக் குளித்தவரா, பௌத்தரா? பெயரை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அந்தக் குடும்பத்தின் மூதாதை ஒருவர், ஏதோ ஒரு காலத்தில், ஏதோ ஓர் இடத்தில், போர்த்துகீசிய மொழியில் எழுதப்பட்ட ஒரு பதிவேட்டுக்கு முன்னால் நின்றார் என்பதை மட்டும்தான் அந்தப் பெயர் சொல்லும். அவர் தலை நிமிர்ந்து நின்றாரா, கை கட்டி நின்றாரா, கட்டாயத்தில் நின்றாரா என்பதை அந்தப் பெயர் சொல்லாது. அதை ஊர்க் கோயில் பதிவேட்டிலும், நிலப் பத்திரத்திலும், தாத்தா பாட்டி சொல்லும் கதைகளிலும்தான் தேட வேண்டும்.

அதனால்தான் ஒரு பெயரை வைத்து ஒருவரை 'அந்நியர்' என்று ஒதுக்குவதும் தவறு, 'நாங்கள் ஐரோப்பிய ரத்தம்' என்று பெருமை பேசுவதும் தவறு. கொடுத்தவர்கள் போய்விட்டார்கள். பெயரைச் சுமந்தவர்கள்தான் அதற்கு அர்த்தம் கொடுத்தார்கள். ஒருவர் காலணிக்குள் ஆவணத்தை மறைத்துக் கொடுத்தார், ஒருவர் சிக்ஸர் அடித்துக் கொடுத்தார்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். இலங்கையின் கடற்கரையில் பேரிக்காய் மரம் கிடையாது. ஆனால் போர்த்துகீசியர்கள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த வேறொரு பழத்துக்கு, பார்க்க ஒரே மாதிரி இருந்ததாலோ என்னவோ, அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சிங்களத்தில் அதற்கு 'பேர' என்றும் மலையாளத்தில் 'பேரக்கா' என்றும் பெயர். நாம் அதைக் கொய்யா என்கிறோம். பெயர் போர்ச்சுகலின் பேரிக்காயுடையது, பழமோ வேறு. அதைக் கடித்துப் பார்த்து "இது பேரிக்காய் இல்லையே" என்று யாரும் கோபப்படுவதில்லை. கொய்யாவின் ருசி கொய்யாவுக்கு!